நடிகை, பெண்ணியம், சாமி: முகம் தெரியாதவரிடம் பேசுவதா, விடுவதா?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். சினிமாக்காரர்கள், பெண்ணியம், சாமி நம்பிக்கை இந்த மூன்றைப் பற்றியும் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பேச அவருக்குப் பிடிக்கும். ஆனால் நாலு பதில் போவதற்குள் பேச்சு சண்டையாகிவிடுகிறது. ஒரு ஆள் இவர் வேலை செய்யும் கம்பெனியின் பெயரைத் தேடிப் பிடித்து எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டாராம். "பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல பட்டா என்னத்துக்கு ஆகும், எல்லாத்தையும் அழிச்சுப்போடு" என்கிறார் அம்மா. பேசுவதா, விடுவதா? பேசினால் கேஸ் வருமா?

பேசுங்கள் கண்ணு. நான் ஈரோட்டுப் பக்கம் வக்கீலாக இருப்பவள். சொத்து வழக்கும் குடும்ப வழக்கும்தான் என் பிழைப்பு. கொஞ்ச வருடங்களாக, "இதப் பாருங்க மேடம், என்ன எழுதியிருக்கான்னு" என்று போனை நீட்டிக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அந்தச் சண்டைகளைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. நீங்கள் மூன்று விஷயம் என்று சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம். நடிகையைப் பற்றி ஆரம்பித்தாலும் சாமியைப் பற்றி ஆரம்பித்தாலும், ஒரு பெண் எதைப் பேசலாம், எங்கே போகலாம், அவளுக்கு எதில் பங்கு உண்டு என்பதில்தான் வந்து நிற்கிறது. இன்னொன்று, அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பதை அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜோதிகா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூலூர்ப் பக்கத்துக்காரரான சிவகுமாரின் மருமகள் என்பதால் நம் பக்கத்தில் அது கொஞ்சம் சொந்த வீட்டுச் சண்டை போலவே நடந்தது. ஒரு விருது விழாவில் அவர் பேசிய காணொளி 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், எல்லார் போனிலும் சுற்றியது. படப்பிடிப்புக்காகத் தஞ்சாவூர் போனபோது பெரிய கோயிலைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று சொன்னார்கள், அது அழகான கோயில்தான், ஆனால் அங்கே ஒரு அரசு மருத்துவமனை இருந்த நிலையைப் பார்த்தேன், கோயிலுக்குக் கொடுக்கிற மாதிரி மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் அவர் பேசியதன் சாரம். கோயிலுக்குப் போகாதே என்று அதில் எங்கும் இல்லை.

பதிலுக்கு எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த மருத்துவமனை அப்படித்தான் இருந்ததா என்று கேட்டார்கள்? நான் பார்த்த வரைக்கும் அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த மதம், யார் வீட்டு மருமகள், மாமனார் ஏன் அடக்கி வைக்கவில்லை என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு சூர்யா ஓர் அறிக்கை விட்டார். கோயில்களைப் போலவே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் உயர்வாகக் கருத வேண்டும் என்று விவேகானந்தர் போன்றவர்களே சொல்லியிருக்கிறார்கள், மக்களுக்கு உதவுவது கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கை என்பது திருமூலர் காலத்துச் சிந்தனை என்று அதில் இருந்தது. நடமாடும் கோயிலான மனிதனுக்குக் கொடுத்தால் அது படமாடும் கோயிலில் இருப்பவனுக்கும் போய்ச் சேரும், அங்கே கொடுத்தால் இங்கே வராது என்று திருமூலர் பாடியது சைவர்களின் பத்தாம் திருமுறையில் இருக்கிறது. ஒரு நடிகை சொன்னால் மத விரோதம், சித்தர் சொன்னால் திருமுறை. இந்த இடத்தில் நின்று எதிராளியிடம், "அவர் சொன்னதில் எந்த வரி தப்பு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் காணாமல் போவார்கள். மீதிப்பேரோடு உண்மையிலேயே பேசலாம். கோயில் வருமானத்தை அறநிலையத்துறை எப்படிச் செலவு செய்கிறது, அரசு மருத்துவமனைக்கு உண்டியல் பணம் எதற்கு, வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அது நல்ல கேள்வி. ஜோதிகாவோடு உடன்படாமலேயே அவரை மதித்துக் கேட்கக்கூடிய கேள்வி.

இதைவிடப் பழைய உதாரணம் குஷ்பு வழக்கு. உங்கள் வயதுக்காரர்களுக்கு அவர் அரசியல்வாதியாகத்தான் தெரியும். 90களில் அவருக்குத் திருச்சியில் கோயில் கட்டிய ஊர் இது. 2005ல் ஒரு பத்திரிகைக் கருத்துக்கணிப்பின்போது, கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றியும் அப்போது பெண்கள் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டியது பற்றியும் அவர் சொன்னதற்கு, ஊருக்கு ஊர் கிரிமினல் புகார் கொடுத்தார்கள். தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் அவமானப்படுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 ஏப்ரல் 28 அன்று 23 புகார்களும் ஒட்டுமொத்தமாக ரத்தாயின. தீர்ப்பை முழுசாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு இடத்தில் சிரிப்பு வரும். புகார் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேட்டியைப் பார்த்ததே இல்லை என்று அவர்களே சொல்லியிருந்ததை நீதிபதிகள் எடுத்துக் குறிப்பிட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் வராத காலத்திலேயே இதுதான் நிலைமை! சட்டப்படி முக்கியமானது வேறு. ஒரு கருத்து பலருக்குப் பிடிக்காமல் இருப்பது குற்றமல்ல. "தமிழ்ப் பெண்கள்" என்று பொதுவாக ஒரு கூட்டத்தின் பேரில் யார் வேண்டுமானாலும் வந்து அவதூறு வழக்குப் போட முடியாது, சொந்தமாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும்.

நம் ஊரிலேயே நடந்தது திருச்செங்கோட்டுக் கதை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010ல் வந்தது. நாலு வருடம் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. 2014 கடைசியில், அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவையும் குழந்தையில்லாத ஒரு பெண்ணையும் பற்றிய பக்கங்களை மட்டும் பிரதியெடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு என்ற பேரில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் தன் முகநூல் பக்கத்தில் எழுதியது அதற்கப்புறம்தான். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமாதானப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்கிற அளவுக்குச் சொல்லி, அவர் மறுபடி எழுதட்டும் என்று முடித்தது.

அந்தக் கதையில் புண்பட்டவர்கள் எல்லாரும் போக்கிரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த திருச்செங்கோட்டுக்காரர்களில் உண்மையாகவே மனம் நொந்தவர்கள் இருந்தார்கள். "நம்மூருப் பொம்பளைங்களப் பத்தி இப்படி எழுதிட்டாரே" என்று ஒரு பெரியம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசிப் பயனில்லை. "பெரிம்மா, அந்தக் கதையில அந்தப் பொண்ணை மலடின்னு சொல்லி ஊரே வதைக்குதே, அதப் படிச்சீங்களா?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். குழந்தையில்லாத பெண்ணைக் காதுகுத்துக்கும் சீருக்கும் முன்னால் நிற்கவிடாமல் செய்வது அவருக்கும் தெரிந்த வலிதான். எதிராளி எதற்காகக் கோபப்படுகிறாரோ அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு கவலையைத் தொட முடிந்தால், முகம் தெரியாதவராக இருந்தாலும் ஒரு வழி கிடைக்கும். எப்போதும் கிடைக்காது.

பெண்ணியத்துக்கு வருகிறேன். பெண்கள் எல்லாம், ஆண்கள் எல்லாம் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் அங்கே சண்டையைத் தவிர வேறெதுவும் விளையாது. அது மேல்நாட்டுச் சரக்கு, குடும்பத்தைக் கெடுக்கிறது என்று ஒருவர் எழுதுவார். நீங்கள் பெரியார் என்பீர்கள், அவர் கற்பு என்பார், இன்னொருவர் நடுவில் வந்து ஆண்கள் தினம் எப்போது என்பார். என் அனுபவத்தில் ஒரு பத்திரத்தைப் பற்றிப் பேசுவது நல்லது.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அதைச் செய்தாக வேண்டும், அவள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. அப்படிப்பட்ட மரியாதை. அதே அண்ணன் கொஞ்ச வருடம் கழித்து அவளைக் காரில் கூட்டிக்கொண்டு சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவான். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சாச்சே." அவளும் போட்டுவிடுவாள். போடாவிட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்ற பயம். இது சட்டம் தெரியாததால் நடப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் ஈரோட்டுக்காரர், வாஷிங்டன்காரர் இல்லை. அறுபது வருடம் கழித்து, 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்தக் கோட்டையும் அழித்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தேவையில்லை, மகள் பிறந்தாலே உரிமை உண்டு என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்துவிட்ட சொத்துகளை மட்டும் திரும்பத் திறக்க முடியாது. அப்பாவே சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அதை அவர் யாருக்கும் உயில் எழுதலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பெண்ணியம் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று எழுதுகிற ஒருவரிடம் இந்தத் தேதிகளை வைத்துப் பேசிப் பாருங்கள். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, "எங்க அத்தை 1985ல கல்யாணமானவங்க, அவங்களுக்கு உண்டுங்களா?" என்று கேட்டாலும் கேட்பார். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு வண்டி உண்டா, நூல் மில்களில் மூன்று வருடம் விடுதியில் அடைத்து வைத்துக் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்தில் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்றெல்லாம் பேசலாம். நீங்கள் திருப்பூரிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆனால் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலைத் தீர்ப்பு 4க்கு 1 என்று வந்தபோது, எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்பதற்கு மறுப்புத் தீர்ப்பு எழுதிய அந்த ஒருவர் இந்து மல்ஹோத்ரா. ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் பெண். நம்பிக்கையில் நீதிமன்றம் பகுத்தறிவைத் திணிக்கலாமா என்று அவர் கேட்டது மேம்போக்கான கேள்வி அல்ல. 2019 நவம்பரில் மறுஆய்வு மனுக்கள் வந்தபோது, அதில் அடங்கிய பெரிய கேள்விகளைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். இணையத்தில் அவரை ஒரு சாரார் தேவி என்றார்கள், இன்னொரு சாரார் அடிமை என்றார்கள். அவர் எழுதியதில் ஒரு பக்கம் படித்திருந்தால் இரண்டையும் சொல்லியிருக்க முடியாது. நான் அவரோடு உடன்படவில்லை. இருந்தாலும் என் கட்சிக்காரர் யாராவது அந்த வாதத்தை வைத்தால், அதற்குப் பதில் சொல்ல நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

சாமி விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வீட்டில் இருந்து பழகியவர்கள் நாம். பெரியாரே ஈரோட்டில் கோயில் தேவஸ்தானக் கமிட்டியின் தலைவராக இருந்தவர். திரு.வி.க. ஈரோட்டுக்கு வந்து காவிரியில் குளித்துவிட்டு ஏறியபோது, கரையில் திருநீற்றை வைத்துக்கொண்டு பெரியார் நின்றார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். கோயமுத்தூர்க்காரரான சத்யராஜ் மேடைக்கு மேடை நாத்திகம் பேசுவார். அவர் லொள்ளுக்குச் சிரிக்கிற கூட்டம் மறுநாள் பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போய்த் தீக்குண்டம் இறங்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையத்தில் அது காணாமல் போவதற்குக் காரணம், எதிரில் இருப்பவர் நம் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர் இல்லை.

சிவன்மலை உத்தரவுப் பெட்டியை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பார்த்த சண்டைகள் ஏராளம். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில், ஆண்டவர் ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னால் சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்து ஒருவருக்குக் கனவு வரும் வரை அது இருக்கும். என்ன வைக்கப்படுகிறதோ அது சம்பந்தமாக நாட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. பெட்டியில் மஞ்சள் இருந்தால் ஈரோட்டு மண்டியில் அன்றைக்கு அதுதான் பேச்சாக இருக்கும்.

இது செய்தியாக வந்தவுடனே ஒருவர் மூடநம்பிக்கை என்பார், இன்னொருவர் அவர் அம்மாவை இழுப்பார். கவனித்துப் பார்த்தால் ஆளாளுக்கு வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பலிக்கிறதா என்பது ஒன்று. அதற்குச் சண்டையே வேண்டாம். பொருள் வைத்த அன்றே, இதனால் என்ன நடக்கும், எத்தனை நாளில் நடக்கும் என்று எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். நடந்த பிறகு பொருளைப் பொருத்துவது யாருக்கும் எளிது. என் கணிப்பைக் கேட்டால், எழுதி வைத்துப் பார்த்தால் நிற்காது. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்க மலையேறும் பாட்டி அந்தக் கணக்குக்காக ஏறவில்லை. விலைவாசியும் மழையும் தன் கையில் இல்லாத ஒரு விவசாயக் குடும்பத்துக்கு, தன் ஊர்ச்சாமி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது ஒரு தெம்பு. முதல் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும், அவருக்கு அது பதிலாகாது. அதனால் முகம் தெரியாதவரிடம் சாமி பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, "நீங்க இது நடக்குதான்னு பேசறீங்களா, இல்ல உங்களுக்கு இது என்னவா இருக்குன்னு சொல்றீங்களா?" என்பதுதான். நம்பிக்கையின் பேரில் ஒருவர் இன்னொருவரைத் தடுக்கும்போது மட்டும் இந்த மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடலாம். குறிப்பிட்ட சாதிக்காரன் உள்ளே வரக்கூடாது, தீட்டானவள் வரக்கூடாது என்கிற இடத்தில் அது அவருடைய சொந்தத் தெம்பாக இருப்பது நின்றுவிட்டது.

இப்போது முகம் தெரியாதவர் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். நம் பக்கத்தில் அப்படி ஒருவர் அதிக நேரம் நீடிப்பதில்லை. "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்பார். ஊர் சொன்னால் எந்தத் தோட்டம் என்பார். அப்புறம் எந்தக் கூட்டம், அதாவது சாதிக்குள் எந்தக் குலம், குலதெய்வம் எது. நேரில் கேட்டால் அது உறவு தேடும் கேள்வி. சண்டைக்கு நடுவில் கேட்டால் உங்கள் சாதியைக் கண்டுபிடிக்கும் கேள்வி. பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்காகவும். 2015 ஜூனில், திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கோகுல்ராஜ் என்ற இளைஞர் கடத்தப்பட்டுப் பள்ளிபாளையம் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். குற்றவாளிகள் 10 பேருக்கு மதுரை நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கொடுத்தது. நம் ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது சும்மா கிசுகிசு இல்லை. காதல், சாதி பற்றிப் பேச்சு வந்தால் தெரிந்தவர்கள் கதையை உதாரணமாகக்கூட எடுக்காதீர்கள். பெயரை மாற்றினாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொள்ளாச்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும். முகநூலில் நட்பாகப் பழகிப் பெண்களை வரவழைத்துக் கொடுமை செய்தது 2019ல் வெளியே வந்தபோது, நம் பக்கத்துப் பல வீடுகளில் முதல் காரியமாகப் பெண் பிள்ளைகளின் போனைப் பிடுங்கி வைத்தார்கள். பையன்களின் போனை யாரும் வாங்கிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தண்டனை வந்ததற்குக் காரணம் பெண்கள் வாய் திறந்தது.

கேஸ் வருமா? எரிச்சலூட்டும்படி எழுதினாலே கைது செய்யலாம் என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்கப்புறமும் சில காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் 2022ல் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. "66ஏல உள்ள தூக்கி வெச்சிருவேன்" என்று யாராவது மிரட்டினால் தைரியமாகச் சிரிக்கலாம். மத உணர்வைப் புண்படுத்தும் பிரிவு இருக்கிறது. 1927ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று சேர்த்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. அதற்கு வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு சொன்னதாக இருக்க வேண்டும். சிவன்மலைப் பெட்டி பலிக்கவில்லை என்பது அதில் வராது. சாமியை வக்கிரமாகச் சித்திரித்து, குறிப்பிட்ட மதத்தாரைச் சீண்டவே போடுவது வரலாம். நடிகர் நடிகை விஷயத்தில் அவதூறைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவர் நடிப்பு மோசம் என்பது கருத்து. அவர் இன்னாரோடு போனார், பணம் வாங்கினார் என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம்.

நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. நடிகர் எஸ்.வி.சேகர் 2018ல் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலமாகப் பேசிய வேறொருவர் பதிவைத் தன் முகநூலில் பகிர்ந்தார். நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023ல் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்தன. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிராளி உங்களைப் பற்றிய மோசமான ஒன்றைப் பத்துக் குழுவுக்குப் பகிர்ந்தால் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். நீங்களும் கோபத்தில் எதையாவது பகிரும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எழுந்து போவது என்பதற்கு மணிமேகலையில் ஒரு வரி இருக்கிறது. இந்திர விழாவுக்குப் பல சமயவாதிகளையும் பட்டிமண்டபம் ஏறி வாதாடக் கூப்பிடும் முரசறிவிப்பில், "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறார்கள். பகைவரே ஆனாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள். பேச்சு நடிகையின் உடம்புக்கோ, உங்கள் தாய் தகப்பனுக்கோ, உங்கள் படத்துக்கோ போனால் அதுதான் விலகும் நேரம். "இதுக்கு மேல வேண்டாங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தடுத்துவிடுங்கள். கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும், என்ன போச்சு?

கம்பெனி பெயரைப் போட்ட ஆளைச் சும்மா விடாதீர்கள். அழிப்பதற்கு முன்னால், தேதியும் கணக்குப் பெயரும் இணைப்பும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். சும்மா பெயரைப் போட்டது மட்டும் என்றால் அந்தத் தளத்திலேயே புகார் செய்து நீக்கச் சொல்லலாம். அவர் தொடர்ந்து உங்கள் கணக்கைப் பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறார் என்றால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவில் வருகிற பின்தொடர்தல் குற்றம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஆபாசமாகச் சொல்லியிருந்தால் 79. திருப்பூரில் சைபர் கிரைம் போலீசில் நேரில் கொடுக்கலாம், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். 1930 என்ற எண்ணைப் பணம் போனவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு இணையதளம்தான் சரி. உங்கள் மனிதவளத் துறைக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வெளியாள் யாராவது அவர்களுக்கு எழுதும் முன்னால் உங்கள் தரப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்றால், பழைய பதிவுகளைக் கொஞ்சம் பாருங்கள். இப்போது உங்களுக்கே உடன்பாடில்லாதது இருந்தால் எடுங்கள். சத்யராஜே 2008ல் காவிரிப் பிரச்சினையில் பேசியதற்கு 2017ல், தான் நடித்த படம் கர்நாடகத்தில் வெளிவர வேண்டும் என்பதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. பழைய பேச்சு எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கும். ஆனால் சொத்தில் பங்கு பற்றியோ, ஜோதிகா சொன்னதில் தப்பில்லை என்றோ நீங்கள் எழுதியதை அழிக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போகிற மாப்பிள்ளை வீட்டார், விடுதலைப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களாக இருக்கலாம். அவர்களைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது உங்கள் அம்மாவுக்கும் லாபம்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள்.